சகுனத் தடை

அத்தியாயம் 17

காலை பத்து மணிக்குக்கூட லைட்டைப் போட்டால்தான் சித்ரலேகாவின் அடுப்படியில் உப்பு எது, சீனி எது என்று தெரியும். ஆறு மாதமாக அப்படித்தான்.

நெல்லை டவுணில் அண்ணன் நமச்சிவாயத்துக்கு ஒரு வீடு, தம்பி குமரவேலுக்கு ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு முடுக்கு, குறுகலான சந்து. அண்ணன் வீட்டு வாசல் தெருவைப் பார்த்தது. தம்பி வீட்டுக்குத் தெருப்பக்கம் வேறொருவர் கடை. அதனால் வாசலும் மூன்று சன்னலும் அந்த முடுக்கைப் பார்த்துத்தான். புரட்டாசியில் ஒரு நாள் நமச்சிவாயம் அந்த முடுக்கின் நட்டநடுவே எட்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து குமரவேலின் ஸ்கூட்டர் தெருவில்தான் நிற்கிறது. ஃப்ரிட்ஜ் கெட்டு மூன்று மாதம் ஆகிறது. பழையதை வெளியே கொண்டுபோக வழியில்லை, புதியதை உள்ளே கொண்டுவரவும் வழியில்லை. துவைத்த துணி காயாமல் கரும்புள்ளி விழுந்தது.

போன வாரம் வக்கீல் நோட்டீஸ் அண்ணன் கைக்குப் போனது. அவர் வாசித்தார், மடித்தார், அலமாரியில் வைத்தார். பதிலுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை சுவருக்கு மேலே தகரமும் போட்டுவிடச் சொன்னார். இருந்த கொஞ்சம் வானமும் அத்தோடு சரி.

இன்று வெள்ளிக்கிழமை.

பாளையங்கோட்டையில் வக்கீல் ரீபாவின் அறையில், அச்சுச் சூடு ஆறாத நான்கு தாள்கள் சித்ரலேகாவின் முன்னால் கிடந்தன. பாகத்தில் வந்த வீட்டைக் குமரவேல் மனைவி பெயருக்கு எழுதிவைத்திருந்தான். ஆகவே கையெழுத்து அவளுடையது.

"இந்த ஒரு வரிய மட்டும் நல்லா வாசிச்சிக்கிடுங்கக்கா," என்று ரீபா பேனா முனையால் தொட்டுக் காட்டினாள்.

சித்ரலேகா நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். இங்கிலீஷ் ஓரளவு ஓடும். ஆனால் அந்த வரியின் நடுவில் ஒரு சொல் காலை இடறியது. ஸ்பைட்.

"'இன் ஸ்பைட் ஆஃப்'னு வருமே, அதுதானே? 'இருந்தபோதிலும்'. இங்கன அது பொருந்தலையே."

"அது வேறக்கா. 'மழை பெஞ்சும் வந்தான்'னு சொல்லுதோம்லா, அந்த 'உம்' மாதிரி அது. அதுல கெட்ட அர்த்தம் ஒண்ணும் கெடையாது. இங்கன 'அவுட் ஆஃப் ஸ்பைட்'னு போட்டிருக்கேன். அந்தப் புத்தியினால செஞ்சாருன்னு அர்த்தம்."

"எந்தப் புத்தியினால?"

ரீபா யோசித்தாள். குமரவேல் முந்திக்கொண்டான். "பொறாமைன்னு சொல்லுங்க மேடம்."

"அவர்கிட்ட இல்லாதது உங்ககிட்ட என்ன சார் இருக்கு, பொறாமைப்பட?"



"அப்பம் வன்மமா?" என்றாள் சித்ரலேகா.

"வன்மம் ரொம்பப் பெரிசுக்கா. அதுக்கு அருவாளத் தூக்கிருவான். இது அதுல சில்லறை. தனக்கு ஒரு பிரயோசனமும் கெடையாது. சமயத்துல தனக்கும் சேத்துத்தான் கேடு. ஆனா அடுத்தவன் மூஞ்சி சுருங்கணும், அதைப் பாக்கணும். எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும்னு தன் மூக்க அறுத்துக்கிட்டான்லா ஒருத்தன், அவனுக்கு இருந்த புத்திதான் இது."

"அண்ணன் வீட்டு அடுப்படிச் சன்னலும் சேந்துல்லா அடைஞ்சு போச்சு!" குமரவேலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இப்பம் அவுக வீட்டுலயும் பகல்ல லைட்டுதான்."

"அதேதான் சார். அதைத்தான் ஜட்ஜுகிட்ட காட்டப்போறோம். தனக்கே உதவாத சுவரு, உங்களைத் தவிக்கவிடணும்னே வச்ச சுவரு. இந்த வரி நின்னாத்தான் திங்கக்கெழமை காலையில மொத வேலையா தடை வாங்க முடியும்."

பிறகு அவள் சித்ரலேகாவைப் பார்த்தாள். "இன்னொண்ணு. இது சத்தியம் பண்ணிக் குடுக்கிற பத்திரம். நாலாவது பாராவுல, 'எங்க பக்கம் அவுகளுக்கு எந்தக் கெடுதலும் நெனைக்கல, செய்யல'ன்னு இருக்கு. அப்படி ஏதும் இருந்தா இப்பமே சொல்லிருங்க. நாளைக்குக் கூண்டுல வச்சுக் கேட்டா நான் முழிக்கக் கூடாது."

"ஒண்ணும் கெடையாது மேடம்," என்றான் குமரவேல்.

சித்ரலேகா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதார் அட்டையை வீட்டில் விட்டுவந்திருந்தாள். மூன்று மணிக்கு நோட்டரி முன்னால் சந்திப்பதாகச் சொல்லிக் குமரவேல் ஆபீசுக்குப் போனான். அவள் டவுண் பஸ் ஏறினாள்.

பஸ் ஆற்றுப்பாலத்தில் நெரிசலில் நின்றது. கீழே தாமிரபரணி. பாறையில் யாரோ துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ரீபா சொன்னது சித்ரலேகாவின் காதிலேயே நின்றது.

தனக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. அடுத்தவள் மூஞ்சி சுருங்கணும்.

சுவர் வருவதற்கு முன்பு, போன ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை. அப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. கொடியில் துணி காயப்போடுவதில் காலையிலேயே ஒரு முணுமுணுப்பு. சித்ரலேகா தலை நிறையச் சீயக்காயோடு நிற்கும்போது குழாய் நின்றுபோனது. "அக்கா, தண்ணி!" என்று கத்தினாள். "உன் மொறை முடிஞ்சிட்டு," என்று அடுத்த வீட்டிலிருந்து சொர்ணாம்பாளின் சிரிப்பு வந்தது. நமச்சிவாயத்தின் மனைவி. சித்ரலேகாவுக்கு ஓர்ப்படி.

பதினொன்றே காலுக்குச் சித்ரலேகாவின் போன் அடித்தது. சொர்ணாம்பாளின் தம்பி சிவசண்முகம், கல்லிடைக்குறிச்சியிலிருந்து. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், அக்காவை உடனே வரச் சொல்லுங்கள் என்றான்.

எதிர்ச் சன்னலில் சொர்ணாம்பாள் தெரிந்தாள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.

சித்ரலேகாவின் தலையில் இன்னும் சீயக்காய் பிசுபிசுத்தது. சாம்பாரை இறக்கிவிட்டுச் சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தாள். அதுவரை அவளும் கொஞ்சம் தெரியாமலே இருக்கட்டும். சாம்பாரை இறக்கினாள். ரசம் வைத்தாள். அப்பளம் பொரித்தாள். சாவு என்று யார் நினைத்தார்கள்? பன்னிரண்டே முக்காலுக்குப் போய், "இப்பந்தான் போன் வந்திச்சிக்கா," என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே உயிர் போயிருந்தது. "சொர்ணம் வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே போனதாகச் சொன்னார்கள்.

அந்த அம்மாள் பெயர் ஆவுடை. நமச்சிவாயத்துக்கும் குமரவேலுக்கும் சொந்த அத்தை. தாயில்லாத இரண்டு பையன்களைச் சோறு போட்டு வளர்த்தவள். பெரியவனுக்குத் தன் பெண்ணையே கொடுத்தவள்.

பஸ் நகர்ந்தது.

முடுக்கு வாயில் சொர்ணாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒதுங்கிப் போகவும் இடமில்லை. ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாத அகலம்தான் அங்கே மிச்சம்.

"ஏளா சித்ரா, நில்லு."

நின்றாள்.

"நோட்டீஸ மருந்துக்கடை மீரா முகைதீன் அண்ணாச்சிகிட்டக் கொண்டுபோயி வாசிக்கச் சொன்னேன். அதுல ஒரு இங்கிலீஸ் வார்த்தைக்கு அவரு ரொம்பத் தயங்கினாரு. பொறவு, 'சின்னத்தனம்மா, வேணும்னே அடுத்தவுகளைத் தவிக்கவிடுத சின்னத்தனம்'னாரு." சொர்ணாம்பாளின் குரல் ஏறவில்லை. "சரி, சுவரு சின்னத்தனம். பதினொண்ணே காலுக்கு வந்த போன பன்னெண்டே முக்காலுக்கு வந்து சொன்னியே, அதுக்கு என்னளா பேரு?"

சித்ரலேகாவின் கை தானாகச் சுவரைப் பிடித்தது. பூசாத சுவர். உள்ளங்கையில் சிராய்த்தது.

"எப்பம் தெரியும்?"

"பதினாறு விசேசத்தன்னைக்கே சண்முகம் சொல்லிட்டான்."

"பெரியத்தானுக்கு?" நமச்சிவாயத்தை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அவுகளுக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரருக்கும் தெரியாது."

"ஏங்க்கா சொல்லல?" என்றாள் சித்ரலேகா. "சொல்லிருக்கலாம்லா. என்னை நாலு அடி அடிச்சிருக்கலாம்லா."

சொர்ணாம்பாள் தெருவைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"சொன்னா, 'உன் தம்பி உனக்குப் போன் அடிக்கலியா'ன்னு அவுக கேப்பாக."

"அடிக்கலியா?"

"நாலு தடவ அடிச்சான். போன் என் மடியிலதான் கெடந்திச்சு. அவன் பேரு வருது, போவுது. பாத்துக்கிட்டே இருந்தேன்." அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சொன்னாள். "அவன் புதுவீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில எங்க வீட்டுக்காரர் பேரப் போடாம விட்டுட்டான். கெடக்கட்டும், கெஞ்சட்டும்னு இருந்தேன். எங்கம்மைக்கு மூச்சு நிக்கப்போவுதுன்னு எனக்கு என்னளா தெரியும்?"



"பொறவு எதுக்குக்கா இந்தச் சுவரு?"

"அடுப்படிச் சன்னலத் தொறந்தா உன் மூஞ்சி. உன் மூஞ்சியப் பாத்தா அந்தப் போனு. தெனமும் எப்படிப் பாக்க? ஒரு சுவர வைங்க, என்னால முடியலன்னு அழுதேன். எதுக்குன்னு கேட்டாக. வாயத் தொறக்கல. பாகம் பிரிச்ச மனத்தாங்கல்னு அவுகளா நெனச்சு வச்சுட்டாக."

"மேல தகரம்?"

"அதுவும் நான் கேட்டதுதான். சுவரு வச்சும் உன் சாம்பார் வாசம் மேல வழியா வருதே."

கோவிலிலிருந்து உச்சிக்கால மணி கேட்டது. சொர்ணாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கேசு போடு. நான் வேண்டாங்கல. ஆனா கூண்டுல ஏத்தி, சுவரு எதுக்குன்னு சத்தியம் வாங்கிட்டுக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். உன் கதையும் வரும், என் கதையும் வரும். எங்கம்மைக்கு மகனுக்கு மகனா நின்னு காரியம் செஞ்சவுக அவுக. அதுக்கப்புறம் என்னை ஏறெடுத்துப் பாப்பாகளா?"

சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். சித்ரலேகா உள்ளே போய் ஆதாரை எடுத்தாள். லைட்டைப் போடாமலேயே தேடி எடுத்தாள்.

மூன்று மணி. நோட்டரி மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ரீபா பேனாவை நீட்டினாள்.

"அந்த வரிய எடுத்துருங்க," என்றாள் சித்ரலேகா.

"எதை?"

"ஸ்பைட்டுன்னு இருக்கே, அதை. அது அந்தச் சுவருக்குப் பொருந்தாது."

குமரவேலுக்குச் சிரிப்பு வந்தது. "காலையில அர்த்தமே தெரியாது. சாயங்காலத்துக்குள்ள இங்கிலீஷ் வாத்திச்சி ஆயிட்டியா? போடு, போடு."

"அதை எடுத்தா கேசு நிக்காதுக்கா," ரீபா மெல்லச் சொன்னாள். "திங்கக்கெழமை தகரம் ஏறிரும். பொறவு வருசக்கணக்கா இழுக்கும்."

"நாலாவது பாராவும் பொய்."

ரீபா அவளை ஒரு கணம் பார்த்தாள். பேனாவை மூடினாள். "சார், ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. நோட்டரி நாலு மணி வரைக்கும் இருப்பாரு."

ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் வைத்துச் சித்ரலேகா சொன்னாள். சீயக்காயிலிருந்து அப்பளம் வரை, தன் பங்கை முழுவதும் சொன்னாள். சொர்ணாம்பாளின் மடியில் கிடந்த போனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

குமரவேல் முதலில் புரியாதவன் போலக் கேட்டான். 

"எங்க ஆவுடை அத்தைக்கா?"

அவள் தலையசைத்தாள்.

"எனக்காவது ஒரு போன் பண்ணிருக்கலாம்லா. நான் ஆபீசுலதான இருந்தேன்? இங்கன இருந்து அம்பாசமுத்திரம் ஒரு மணி நேரம். நான் போயிருப்பேனே! ஒரு வாய்த் தண்ணி ஊத்திருப்பேனே!"

"பண்ணல."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். குமரவேல் அவளைத் திட்டவில்லை. ஸ்கூட்டரை எடுத்தான். ஏறு என்று சொல்லவில்லை. அவளாக ஏறிக்கொண்டாள்.

டவுண் வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கேயாவது இறக்கிவிட்டுவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. இறங்கினால் போக எங்கே இருக்கிறது? திரும்பவும் அந்த முடுக்குக்குள்தான்.

முடுக்கு வாயில் நமச்சிவாயமும் கொத்தனார் செல்வமணியும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். தம்பியைக் கண்டதும் நமச்சிவாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே."

"எதுவா இருந்தாலும் கோர்ட்டுல பேசிக்கிடுவோம்லே. நோட்டீசுல அப்படித்தான போட்டிருக்க?"

"கோர்ட்டு இருக்கட்டும். இவ ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." குமரவேல் அவள் பக்கம் திரும்பினான். "சொல்லு. என்கிட்ட சொன்னத அண்ணன்கிட்டயும் சொல்லு."

சித்ரலேகா நிமிர்ந்தாள். அவர் தோளுக்குப் பின்னால், வீட்டு நடையில் சொர்ணாம்பாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் தலை ஆடியது.

முன்னால் பெரியத்தான். பின்னால் கணவன். இந்தப் பக்கம் சுவர்.

"பெரியத்தான், அத்தைக்கு முடியலைன்னு சண்முகம் எனக்குப் பதினொண்ணே காலுக்கே சொல்லிட்டான். நான்தான் அக்காகிட்ட பன்னெண்டே முக்காலுக்குச் சொன்னேன்."

நமச்சிவாயத்தின் கையிலிருந்த டேப் விர்ரென்று சுருண்டு கொத்தனார் பக்கம் ஓடியது.

"எதுக்கும்மா?"

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அக்கா தண்ணிய அடைச்சிட்டா. தலையில சீயக்காயோட நின்னேன். அந்தக் கோவத்துல."

நடுத்தெருவில் வாய்விட்டுச் சொல்லும்போது அது எவ்வளவு அற்பமாக இருந்ததென்றால், செல்வமணி குனிந்து கொத்துக்கரண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

நமச்சிவாயம் முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் கோப்பு பார்த்தவர். இந்தத் துக்கத்திலும் அவர் புத்தி ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.

"சண்முகம் உனக்கு எதுக்குப் போன் அடிச்சான்?"

சித்ரலேகா குனிந்து சிராய்த்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"பெத்த அம்மைக்கு முடியலைன்னா கூடப்பொறந்த அக்காவுக்குல்லா மொதல்ல அடிப்பான்? அவளுக்கு அடிக்காமலா உனக்கு அடிச்சான்?" அவர் திரும்பினார். "ஏ சொர்ணம். உனக்குப் போன் வரலியா?"

  சொர்ணாம்பாளின் கண் சித்ரலேகாவின் மேல் வந்து நின்றது.

நாலே வார்த்தை போதும். சொல்லிவிட்டால் இந்தப் பழி பாதிக்குப் பாதி ஆகிவிடும். ஆறு மாத இருட்டு, புள்ளி விழுந்த சேலைகள், குமரவேல் பேசாமல் ஓட்டிவந்த இந்த வழி, எல்லாவற்றுக்கும் ஒரு பங்காளி கிடைப்பாள். சித்ரலேகாவின் நாக்கு நுனி வரை அது வந்துவிட்டது.

"அக்கா போன் அன்னைக்குச் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கெடந்திச்சு, பெரியத்தான். அதான் எனக்கு அடிச்சான்."

சொர்ணாம்பாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்வையில் நன்றி இல்லை. வலையில் இன்னொரு கயிறு விழுந்த மாதிரி ஒரு பயம்தான் இருந்தது.

நமச்சிவாயம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். 

"செல்வமணி, இன்னைக்கு அளவு போதும். நீ போ."

உள்ளே போனார். திரும்பி வரும்போது சட்டை மாட்டியிருந்தார். நடையில் நின்ற மனைவியை இடிக்காமல், ஒருக்களித்து இறங்கிச் செருப்பைப் போட்டார்.

"எங்கன கெளம்பிட்டீக?" என்றாள் சொர்ணாம்பாள்.

"கல்லிடைக்குறிச்சிக்கு. சண்முகத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

"நாளைக்குப் போலாம்லா?"

அவர் தெருமுனையில் ஓர் ஆட்டோவுக்குக் கை காட்டினார். குமரவேல் இரண்டு எட்டு முன்னால் வைத்து, "அண்ணே, நானும் வாரேன்," என்றான். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஆட்டோ திரும்பி மறைந்தது. இரண்டு பெண்களும் சுவரின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"சண்முகத்துக்குப் பொய் சொல்ல வராதுளா," என்றாள் சொர்ணாம்பாள்.